‘நான் யார்?’ என்று எப்படிக் கேட்பது: ரமணர் வழியில் ஆன்ம விசாரம், படிப்படியாக

கடவுள் இருக்கிறாரா என்று கேட்டு வந்தவர்களிடம் ரமணர் பெரும்பாலும் கடவுளைப் பற்றிப் பேச மாட்டார். கேட்கிற நீ யார், முதலில் அதைப் பார் என்பார். நிறையப் பேருக்கு இது கேள்வியைத் தட்டிக்கழிப்பது மாதிரி தோன்றியிருக்கிறது, ஏமாற்றத்தோடு திரும்பிப் போனவர்களும் உண்டு. ஆனால் அவர் கொடுத்தது ஒரு வேலை, ‘நான்’ என்பது யார் என்று உள்ளே தேடிப் பார்க்கிற வேலை; அதற்குத்தான் ஆன்ம விசாரம் என்று பெயர். உட்கார்ந்து செய்து பார்க்க வேண்டிய வேலை. தத்துவமாக அதைப் பேசுகிறவர்கள் ஏராளம், எப்படிச் செய்வது என்று சொல்கிறவர்கள் குறைவு, அதனால் இங்கே முடிந்தவரை செய்முறையாகவே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வரலாறு, ஏனென்றால் முறை முழுவதும் அந்த ஒரு சம்பவத்திலிருந்துதான் வருகிறது. 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்த வெங்கடராமன் (ரமணரின் இயற்பெயர் அதுதான்), அப்பா இறந்த பிறகு மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். 1896 ஜூலையில் ஒரு நாள், உடம்புக்கு ஒன்றுமில்லாத நேரத்தில், ‘சாகப் போகிறேன்’ என்ற பயம் திடீரென்று பிடித்துக்கொண்டது. 16 வயதுப் பையன் அலறிக்கொண்டு வெளியே ஓடியிருக்கலாம். அவர் அப்படியே படுத்து, கை கால்களை விறைப்பாக நீட்டி, மூச்சை அடக்கி, வாயை மூடிக்கொண்டு, சரி, இந்த உடம்பு செத்துவிட்டது, இதைக் கொண்டுபோய் எரித்துவிடுவார்கள், அப்போது நானும் செத்துவிடுகிறேனா என்று உள்ளே பார்த்தார். எந்தப் புத்தகமும் அவருக்கு அதைச் சொல்லித் தரவில்லை. அதே வருடம் ஆகஸ்ட் 29 அன்று, அண்ணனுடைய கல்லூரிச் சம்பளத்துக்கு வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைச் சீட்டோடு வைத்துவிட்டுக் கிளம்பினார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். 1950 ஏப்ரல் 14 அன்று மறையும்வரை அந்த ஊரை விட்டு அவர் போகவில்லை.

இதைப் படித்துவிட்டு நாமும் படுத்துக்கொண்டு செத்த மாதிரி நடிக்க வேண்டியதில்லை. அவர் யாரையும் அப்படிச் செய்யச் சொன்னதும் இல்லை. பயந்துகொண்டிருப்பவன் யார் என்று பயத்தின் பக்கமிருந்து திரும்பிப் பார்த்தார் இல்லையா, அந்தத் திரும்பல்தான் முறை. கீழே வருவதெல்லாம் அதற்கான பழக்கம்.

படி 1: கொஞ்சமாகப் படியுங்கள், பிறகு நிறுத்திவிடுங்கள்

‘நான் யார்?’ என்ற சிறு நூல் போதும். வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை 1901, 1902 வாக்கில் திருவண்ணாமலை மலையில் ரமணர் இருந்த விருபாட்ச குகைக்குப் போய்க் கேட்ட கேள்விகளும், அப்போது பேசாமல் இருந்த ரமணர் மணலிலும் சிலேட்டிலும் எழுதிக் காட்டிய பதில்களும்தான் அதன் அடிப்படை. அச்சில் வந்தது 1923இல். கேள்வி பதிலாக ஒரு வடிவம் உண்டு, பின்னால் ரமணரே உரைநடையாக எழுதிய வடிவம் ஒன்றும் உண்டு. உரைநடையை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு பத்தி எப்படி அடுத்த பத்திக்கு இழுத்துக்கொண்டு போகிறது என்பது தெரியும். பழைய பாணித் தமிழ், சந்தி நிறைய இருக்கும், வாய்விட்டு மெதுவாகப் படித்தால் பிடிபட்டுவிடும். இன்னும் வேண்டுமென்றால் ரமணரே பாடிய இரண்டு நூல்கள், 30 பாட்டுள்ள உபதேச உந்தியார், அப்புறம் உள்ளது நாற்பது.

அதோடு நிறுத்திவிடலாம். மனத்தை அடக்க வேண்டும் என்பதுதான் எல்லா நூல்களின் முடிவு என்று தெரிந்துகொண்ட பிறகு முடிவில்லாமல் படித்துக்கொண்டே போவதில் பயனில்லை என்று அந்த நூலே சொல்கிறது. ஒரு அலமாரி நிறைய வாங்கி அடுக்கிவிட்டு ஒரு நாள்கூட உட்காராதவர்களை எனக்குத் தெரியும். படிப்பதே ஒரு சுகமான தள்ளிப்போடல்தான்.

படி 2: தூக்கத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுங்கள்

உடம்புதானே நான், மூளைதானே நான், இதில் தேட என்ன இருக்கிறது என்ற சந்தேகம் நியாயமானது. அதை அமுக்கிவிட்டு ‘நான் ஆன்மா, நான் ஆன்மா’ என்று சொல்லிக்கொண்டால் அது வெறும் ஒப்பித்தல். கொஞ்சம் சோதித்துப் பாருங்கள்.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார், சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞான போதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் ஆன்மா என்று ஒன்று உண்டு என்பதற்குக் காரணங்களை வரிசையாக அடுக்குகிறார். உடம்பை ‘எனது’ என்று சொல்கிற ஒருவன் இருக்கிறான். ஐம்புலனும் ஒடுங்கிய கனவிலும் அறிகிற ஒருவன் இருக்கிறான். ஆழ்ந்த தூக்கத்தில் மூச்சு ஓடினாலும் சாப்பிடுவதோ வேலை செய்வதோ கிடையாது, அதனால் மூச்சும் அவனல்ல. ரமணர் வேறு மரபில் நின்று பேசினாலும் அவரும் திரும்பத் திரும்பத் தூக்கத்தைத்தான் காட்டினார். அசந்து தூங்கும்போது பெயர், வேலை, கடன், சாதி, கடவுள் நம்பிக்கை எதுவும் உங்களிடம் இல்லை. ஆனாலும் எழுந்ததும் ‘நன்றாகத் தூங்கினேன்’ என்கிறீர்கள், ‘அந்த நேரத்தில் நான் இல்லாமல் போனேன்’ என்று யாரும் சொல்வதில்லை.

இது முடிவான நிரூபணம் என்று நான் சொல்ல மாட்டேன். விழித்த பிறகு மூளை கட்டிக்கொள்ளும் கதை அது என்று ஒருவர் வாதாடலாம், வாதாடட்டும். நமக்கு இங்கே வேண்டியது கொஞ்சம் இடைவெளி மட்டும்: நான் என்று இத்தனை நாள் எதைச் சுட்டிக்காட்டினோமோ அது அவ்வளவு உறுதியான விஷயமில்லை போலிருக்கிறதே என்ற சந்தேகம்.

இதற்கு ஒரு பயிற்சி. காலையில் கண் விழித்ததும் போனை எடுக்காமல் கவனியுங்கள். முதலில் வெறும் இருப்பு, அப்புறம் ‘நான்’, அதற்குப் பின்னால் சடசடவென்று இன்று திங்கட்கிழமை, ஒன்பது மணிக்கு மீட்டிங், முதுகு வலி எல்லாம் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த வரிசையை ஒரே ஒரு காலை தெளிவாகப் பார்த்துவிட்டால்கூடப் போதும், அடுத்த படி சுலபமாகிவிடும்.

படி 3: உட்காருவது

நாற்காலி, பாய், சுவர் எது வசதியோ அது. முதுகு ஓரளவு நிமிர்ந்திருக்கட்டும், கண் மூடினாலும் சரி, திறந்தாலும் சரி. ஆசனம், திசை, மான்தோல் பற்றியெல்லாம் அவர் கட்டாயம் எதுவும் விதிக்கவில்லை. சாப்பாட்டில் மட்டும் ஒரு பேச்சு உண்டு: சாத்வீக ஆகாரம், அதுவும் அளவாக. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் ஏன் அப்படிச் சொன்னார் என்பது பத்து நிமிடத்தில் புரியும்.

படி 4: கேள்வி

இங்கேதான் மெதுவாகப் போக வேண்டும்.

உட்கார்ந்த உடனே எண்ணங்கள் வரும். அவற்றைத் தள்ளவும் வேண்டாம், பின்னால் போகவும் வேண்டாம். நாளைக்குக் கரண்ட் பில் கட்டக் கடைசி நாள் என்று ஒரு நினைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக அதிலிருந்து வங்கிக் கணக்கு, சம்பளம், மேனேஜர், போன வாரம் அவர் பேசிய பேச்சு என்று ஒரு ரயிலே போய்விடும். அந்த முதல் பெட்டியிலேயே, ‘இந்த நினைப்பு யாருக்கு வந்தது?’ என்று கேளுங்கள். ‘எனக்கு’ என்று தோன்றும். சரி, ‘அந்த நான் யார்?’

இதற்கு மேல் வார்த்தையில் பதில் தேடாதீர்கள். பதில் வந்தால், அது எவ்வளவு உயர்ந்த பதிலாக இருந்தாலும், அதுவும் இன்னொரு நினைப்பு. அது யாருக்கு வந்தது என்று மறுபடி கேட்க வேண்டியதுதான். கேள்வியின் வேலை ஒன்றே ஒன்று, கரண்ட் பில்லின் மேல் இருந்த கவனத்தை அதை நினைக்கிறவன் பக்கம் திருப்புவது. திரும்பியதும் அங்கே என்ன இருக்கிறது? ஒரு உருவமும் இருக்காது. ‘இருக்கிறேன்’ என்ற உணர்வு மட்டும் லேசாக இருக்கும். அதில் நில்லுங்கள். முதலில் ஓரிரு விநாடிதான் நிற்கும், உடனே அடுத்த நினைப்பு கிளம்பிவிடும், அப்போது மறுபடி இதே வேலை. எத்தனை எண்ணம் வந்தால்தான் என்ன என்று கேட்கிறார் ரமணர். ஒவ்வொன்றும் திரும்பிப் பார்க்க ஒரு வாய்ப்பு என்று எடுத்துக்கொண்டால் எண்ணங்களோடு சண்டை போடும் பழக்கமே நின்றுவிடும்.

நிறையப் பேர் கவிழ்கிற இடங்கள் இரண்டு. ஒன்று, ‘நான் யார், நான் யார்’ என்று மந்திரம் போல உருட்டுவது. மாலை உருட்டிக்கொண்டு இதைச் சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஜபத்துக்கு அதன் பலன் உண்டு, ஆனால் இது அந்த வேலை இல்லை. கேட்ட பிறகு பார்க்க வேண்டும். பார்வை ஏற்கெனவே அங்கே நிற்கிறது என்றால் கேள்வியே தேவையில்லை.

இன்னொன்று, ‘நான் பிரம்மம்’, ‘நான் உடம்பல்ல’ என்று விடையை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது. அப்படி நினைப்பது துணையாகலாம், அதுவே விசாரமாகிவிடுமா என்று உள்ளது நாற்பதில் கேட்கிறார். வேதாந்த வகுப்புகளில் ஊறியவர்களுக்கு இந்தப் பொறியிலிருந்து வெளியே வருவதுதான் ரொம்பக் கஷ்டம், எதுவும் படிக்காதவர்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள்.

கேள்வியும் ஒரு நினைப்புதானே, அதை வைத்து எப்படி நினைப்பை ஒழிப்பது என்று யாராவது மடக்கினால், அதற்கும் அந்தச் சின்ன நூலிலேயே பதில் இருக்கிறது: பிணம் சுடுகிறபோது கிளறிவிடும் தடி, கடைசியில் தானும் அந்த நெருப்பிலேயே எரிந்துபோகும்.

படி 5: சறுக்கும் இடங்கள்

தூக்கம் வரும். நிஜமான களைப்பு என்றால் போய்த் தூங்கிவிடுங்கள், அதில் ஒரு குற்றமும் இல்லை. பழக்கத் தூக்கம் என்றால் எழுந்து நடந்துகொண்டே செய்யலாம்.

மூச்சைப் பிடித்து மனத்தை நிறுத்துகிறவர்கள் உண்டு. மனம் அடங்க அது உதவும், ஆனால் மனம் அழிய உதவாது என்பது ரமணரின் கணிப்பு. உபதேச உந்தியாரில் இலயம், நாசம் என்று இரண்டு ஒடுக்கங்களைப் பிரித்துச் சொல்கிறார். இலயம் தற்காலிக ஒடுக்கம், இலயித்தது திரும்ப எழும்; நாசமானது எழாது. அமைதியாக, இருட்டாக, ஒரு மணி நேரம் போனதே தெரியாமல் போய்விட்டு வந்து ‘இன்று அருமையான தியானம்’ என்று சொல்லிக்கொள்கிறோமே, அது பல சமயம் இலயம்தான். இதைப் பற்றி அவர் ஒரு கதை சொல்வார். கங்கைக் கரையில் ஒரு யோகி சீடனிடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டுச் சமாதியில் ஆழ்ந்துவிட்டார், காலம் காலமாக அப்படியே கிடந்து, கண் விழித்ததும் முதலில் கேட்டது, ‘எங்கே தண்ணீர்?’ அத்தனை காலம் கழித்தும் தாகம் அப்படியே இருந்திருக்கிறது. நீங்கள் உட்கார்வதற்கு முன் யார் மேல் கோபமாக இருந்தீர்களோ, எழுந்த பிறகும் அதே வேகத்தில் கோபம் தொடர்கிறதா என்று பாருங்கள். இதைவிட நல்ல பரிசோதனை எனக்குத் தெரியவில்லை.

வெளிச்சம், சத்தம், உடம்பு மிதக்கிற உணர்வு எல்லாம் சிலருக்கு வரும், சிலருக்கு வராது. வந்தால் யாருக்கு வருகிறது? அவ்வளவுதான். மார்பின் வலது பக்கம் இதயம் என்று அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அங்கே கவனத்தை வைத்து அழுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். கேட்டவர்களுக்குத் தன் அனுபவத்தைச் சொன்னார், உடம்பில் ஒரு புள்ளியைத் தேடிப் பிடிப்பது பயிற்சியின் நோக்கமே இல்லை.

வறட்சி வேறு விஷயம். வாரக்கணக்கில் ஒன்றும் நடக்காது, சலிப்பாக இருக்கும். அதற்கு மருந்து எனக்குத் தெரிந்து ஏழாவது படியில் இருக்கிறது.

படி 6: வேலைக்கு நடுவே

உட்காரும் நேரத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பேருந்தில் ஒருவர் காலை மிதித்துவிட்டார், உள்ளே சுர்ரென்று ஏறுகிறது. அந்த நொடியில் ‘நான்’ பளிச்சென்று தெரியும், தியானத்தில் தேடினாலும் அவ்வளவு தெளிவாக அகப்படாது. அப்போது கேளுங்கள். பாராட்டு வரும்போதும் கேளுங்கள், அது இன்னும் கஷ்டம். அடக்கி வைக்கச் சொல்லவில்லை, மிதித்தவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொள்ளுங்கள், ஏறுவது யாருக்கு என்று ஒரு கண் மட்டும் அங்கே இருக்கட்டும்.

குடும்பத்தை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டவர்களை அவர் பொதுவாக ஊக்குவிக்கவில்லை. வீட்டில் இருக்கும் மனம்தான் காட்டுக்கும் கூடவே வரும் என்பது அவர் வாதம். அவரே ஆசிரமத்தில் விடிவதற்கு முன் எழுந்து சமையலறையில் காய் நறுக்கினார், சட்னி அரைத்தார், பழைய தாளைத் தைத்து நோட்டுப் புத்தகம் செய்தார். ராஜினாமாக் கடிதம் எழுதும் எண்ணம் இருந்தால் கொஞ்சம் ஆறப் போடுங்கள்.

படி 7: அப்படியானால் கடவுள் எங்கே?

விசாரம் வறட்டு அறிவு வழி என்று ஒரு பேச்சு உண்டு, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மரண பயம் வந்த அந்த நாளுக்குப் பிறகு மதுரையில் அந்தப் பையன் செய்தது என்ன? தினமும் மீனாட்சி கோயிலுக்குப் போய், பெரியபுராணத்தில் படித்த அறுபத்து மூவர் முன்னால் கண்ணீர் வழிய நின்றதுதான். பின்னால் அருணாசலம் என்ற திருவண்ணாமலை மலையைப் பற்றி 108 கண்ணிகளில் அட்சரமணமாலை பாடியவரும் அவர்தான். அதில் மலையோடு கெஞ்சல், கொஞ்சல், சண்டை எல்லாம் உண்டு.

ஆகவே உட்கார முடியாத நாளில் பாடுங்கள், கோயிலுக்குப் போங்கள், பெயரைச் சொல்லுங்கள். பூசை, ஜபம், தியானம் மூன்றும் உடல், வாக்கு, உள்ளம் என்று வரிசையாக ஒன்றைவிட ஒன்று உயர்வு என்று உந்தியார் படிக்கட்டு போட்டுத் தருகிறது, ஆனால் எதையும் தூக்கி எறியவில்லை. 1907 நவம்பர் 18 அன்று சமஸ்கிருதப் பண்டிதரான காவ்யகண்ட கணபதி முனி, வேதம் முழுக்கப் படித்தும் கோடிக்கணக்கில் மந்திரம் ஜபித்தும் தவம் என்றால் என்னவென்று தெரியவில்லை என்று விருபாட்ச குகையில் வந்து விழுந்தார். ரமணர் அவரை ஜபத்தை விடச் சொல்லவில்லை. ‘நான்’ எங்கிருந்து எழுகிறது என்று பார்த்தால் மனம் அங்கே ஒடுங்கும், மந்திரம் ஜபித்தால் அந்த ஒலி எங்கிருந்து எழுகிறது என்று பார்த்தால் மனம் அங்கே ஒடுங்கும், அதுவே தவம் என்றார். முருகா என்று சொல்கிறவர் முருகா என்றே சொல்லலாம், சொல் கிளம்பும் இடத்தில் காது இருக்க வேண்டும்.

இன்னொரு வாசல் சரணாகதி. கேட்க எளிது. கடவுளிடம் விட்டுவிட்டேன் என்று சொன்ன பிறகும் இரவு இரண்டு மணிக்கு அதையே புரட்டிக்கொண்டிருந்தால் இன்னும் விடவில்லை என்று அர்த்தம். அப்போது விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவன் யார் என்று பார்த்தால் மறுபடி விசாரத்துக்கே வந்து சேருவீர்கள். இரண்டு வழியும் முடிவில் ஒன்றுதான் என்று அவர் சொன்னதை இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

சைவ சித்தாந்தம் படித்தவர்கள் இங்கே கை தூக்குவார்கள்: பதி (கடவுள்), பசு (உயிர்), பாசம் (கட்டு) மூன்றுமே அநாதி, ஆன்மா கடவுளாகாது, நீங்கள் இரண்டும் ஒன்றே என்கிற அத்வைதத்தைக் கொண்டுவந்து நுழைக்கிறீர்கள். நல்ல ஆட்சேபம், 700 வருடத்துக்கு மேலாக நடக்கிற விவாதம். ஒரு முதலே மூன்றாக நிற்கிறதா, மூன்றும் மூன்றுதானா என்ற வாதமெல்லாம் அகங்காரம் இருக்கும்வரைதான் என்று உள்ளது நாற்பது தாண்டிப் போய்விடுகிறது. நீங்கள் சித்தாந்தியாகவே இருந்துகொண்டு இதைச் செய்யலாம், பள்ளிவாசலுக்குப் போய்க்கொண்டும் செய்யலாம். தேசூரிலிருந்து வந்த நெசவாளி மஸ்தான் அப்படி வந்த பக்தர்களில் ஒருவர். கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் தடையில்லை, இங்கே கேட்கப்படுவது கவனம் மட்டும்.

படி 8: எப்போது இதைத் தள்ளி வைப்பது

துக்கம் புதிதாக இருக்கிறபோது ‘அழுவது யார்’ என்று யாரிடமும் கேட்காதீர்கள், உங்களிடமே கூட. கணவரையும் பிள்ளைகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்த எச்சம்மாள் விருபாட்ச குகைக்கு வந்தபோது ரமணர் எதுவும் பேசவில்லை, உபதேசமும் செய்யவில்லை. அந்த அம்மாள் சும்மா உட்கார்ந்திருந்தார், மனம் ஆறியது, திருவண்ணாமலையிலேயே தங்கித் தன் காலம் முழுக்கத் தினமும் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். துக்கத்துக்குச் சமைப்பதும் பரிமாறுவதும் நல்ல வழிதான்.

மனச்சோர்வு நோய், பதற்றம், தூக்கமின்மை, நான் நானே இல்லை என்கிற மாதிரி பயமுறுத்தும் உணர்வு இவை இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் தியானத்தை நம்பி அதை நிறுத்த வேண்டாம். சிறு நூலில் தற்கொலை எண்ணத்துக்கு மருந்து இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

படி 9: குரு, பணம், திருவண்ணாமலை

ரமணர் சடங்காக யாருக்கும் தீட்சை தரவில்லை, வாரிசு என்று யாரையும் அறிவிக்கவில்லை. எனவே அவர் பரம்பரையின் ஒரே உரிமைக்காரர் நான் என்று சொல்லிக் கட்டண வகுப்பு நடத்துகிறவரிடம் அந்த உரிமை எப்படி வந்தது என்று தாராளமாகக் கேட்கலாம். கூட உட்கார நாலு பேர் கிடைத்தால் நல்லது, அதற்குமேல் அவசரமில்லை.

ஊருக்குப் போக வேண்டுமா என்றால், கட்டாயமில்லை, போனால் நன்றாக இருக்கும். செங்கம் சாலையில் ரமணாசிரமம். 1922இல் மறைந்த அவருடைய அம்மா அழகம்மாளின் சமாதியைச் சுற்றித்தான் அது வளர்ந்தது. தங்க வேண்டுமென்றால் வெகு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். ஆசிரமத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பாதை ஏறுகிறது, அதில் போனால் அவர் 1916 முதல் 1922 வரை இருந்த ஸ்கந்தாசிரமம், அங்கிருந்து இறங்கினால் அதற்கு முன் 17 வருடம் இருந்த விருபாட்ச குகை, இன்னும் இறங்கினால் பெரிய கோயில் பக்கம் ஊருக்குள் வந்துவிடுவீர்கள். பெரிய கோயிலில் ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கத்தையும் பார்த்துவிடுங்கள், வந்த புதிதில் பூச்சி கடிப்பதுகூடத் தெரியாமல் அவர் உட்கார்ந்திருந்த நிலவறை அது.

கிரிவலம் 14 கிலோமீட்டர், மலை வலது கைப்பக்கம் இருக்கும்படி நடக்க வேண்டும். பௌர்ணமி இரவு கூட்டத்தில் பக்தி இருக்கும், விசாரத்துக்கு இடம் இருக்காது, அதனால் சாதாரண நாளாகப் பார்த்து விடிவதற்கு முன் கிளம்புங்கள், வெயில் ஏறிவிட்டால் தார்ச் சாலையில் வெறுங்காலோடு நடக்க முடியாது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு, பேசாமல், மெதுவாக. வழியில் எட்டு லிங்கங்கள், நிறைய டீக்கடைகள் இருக்கின்றன, உட்கார வேண்டும் போலிருந்தால் உட்கார்ந்துவிட்டுப் போகலாம்.